இரண்டு விரல் இடுக்கு

அன்றைக்குக் கூண்டில் சத்தமே இல்லை. எனக்கு முதலில் உறைத்தது அதுதான்.

1984. எனக்குப் பத்து வயது, பள்ளி விடுமுறை. பத்து காவான் தோட்டத்தில் எங்கள் லயத்துக்குப் பின்னால், குளியல் தொட்டிக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவே அப்பா ஒரு பறவைக் கூண்டு கட்டியிருந்தார். கையில் தூக்கிப் போகிற கூண்டு என்று நினைத்துவிடாதீர்கள். எட்டடி நீளம், ஆறடி அகலம், மேலே பழைய தகரம். ஆள் நிமிர்ந்து உள்ளே போகலாம். இருபது லவ் பேர்ட்ஸ், நாலு புறா, மலாய்க்காரர்கள் சொல்வதைக் கேட்டு நாங்களும் பிப்பிட் என்றே கூப்பிட்ட சின்னச் சிட்டுகள் கொஞ்சம். காலையில் தினையும் தண்ணீரும் வைப்பது என் வேலை. தாழ்ப்பாளைத் தொட்டால் போதும், லவ் பேர்ட்ஸ் மீன் பாசார் மாதிரி இரைச்சல் போடும். அன்று எல்லாம் ஒரே மூலையில், கம்பியின் உச்சியில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கீழே தீனித் தட்டுக்குப் பக்கத்தில் லோரி டயரின் பழைய டியூபை யாரோ சுருட்டிப் போட்டது போல ஒன்று. டியூபில் இரண்டு இடத்தில் புடைப்பு.

புறாவை எண்ணிப் பார்த்தேன். இரண்டுதான் இருந்தன.

அப்பா வந்தார். செம்பனைக் குலை அறுக்கும் வேலைக்குப் புறப்பட்டு, முழங்கால் வரை காலணி போட்டிருந்தார். பாம்பைப் பார்க்கவேயில்லை. தகரத்துக்கும் மேல்சட்டத்துக்கும் நடுவே இருந்த இடுக்கைத்தான் பார்த்தார். ஸ்டூல் போட்டு ஏறி விரலை விட்டார். இரண்டு விரல் நுழைந்தது.

"இதுவழியாத்தான் வந்திருக்கு. வெறும் வயித்தோட வந்துச்சு. தின்னுட்டு இப்ப போக முடியல. வயிறு இடிக்குது."

மலைப்பாம்புக் குட்டிதான், ஆறடிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். பக்கத்து வீட்டு அண்ணன் பாராங் கத்தியோடு வந்துவிட்டார். பாட்டி விடவில்லை. நல்ல பாம்பாக இருந்திருந்தால் பால் ஊற்றச் சொல்லியிருப்பாள். இதற்கு அந்த மரியாதை கிடையாது. ஆனாலும் வயிறு நிறைந்த உயிரை அடிக்கக் கூடாது என்றாள். அப்பா கவட்டைக் குச்சியால் தலையை அழுத்திப் பிடித்துச் சாக்கில் போட்டு, சைக்கிளில் கட்டி, தோட்டத்தின் கடைசி பிளாக்கில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அங்கே எலி அதிகம், அது பிழைத்துக்கொள்ளும் என்றார். அன்று அரை நாள் சம்பளம் போனது.

சாயங்காலம் என்னைக் கூண்டுக்குள் நிறுத்தி வெளிக்கதவைச் சாத்தினார். "உள்ள நின்னுக்கிட்டு எங்கெங்க வெளிச்சம் தெரியுதுன்னு சொல்லு." நான் சொல்லச் சொல்ல வெளியிலிருந்து கரித்துண்டால் அடையாளம் போட்டார். பதினேழு இடம். நாங்கள் கட்டியது பறவை வெளியே போகாத கூண்டு. மற்றது உள்ளே வராத கூண்டு இன்னும் கட்டவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

*

பத்து காவான் ஒரு காலத்தில் ஆறும் சதுப்பும் கடலும் சூழ்ந்த தீவு. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், செபராங் பிறையின் தென்பகுதியில் கிடந்தது. 19ஆம் நூற்றாண்டில் கரும்புக்காகக் காட்டை அழித்தார்கள். முதலில் சீனர்கள், பிறகு வெள்ளைக்காரர்கள். வேலைக்கு மெட்ராஸ் மாகாணத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலி அனுப்பும் முறை 1910இல் நின்றது, கரும்பும் போய்விட்டது. தென்னை, ரப்பர், பிறகு செம்பனை. எனக்கு நினைவு தெரிந்தபோது வீட்டுக்குப் பின்னால் செம்பனை தவிர வேறொன்றும் கிடையாது. மேற்கே நடந்தால் சதுப்பு நிலக் காடு, அதைத் தாண்டினால் கடல், கடலுக்கு அந்தப் பக்கம் தீவின் மலைகள் நீலமாகத் தெரியும்.

செம்பனைக்கு நடுவில் பறவை வளர்ப்பது, கோழிக்கடைக்கு முன்னால் கோழி வளர்க்கிற மாதிரி. உதிர்ந்த பழத்தைத் தின்ன எலி, எலியைத் தின்னப் பாம்பு, பழத்தையும் எலியையும் சேர்த்துத் தின்ன மூசாங், எல்லாவற்றையும் முகர்ந்துகொண்டு அல்லூர் என்கிற வடிகால் ஓரம் நடக்கிற உடும்பு. மேலே செம்பருந்து வட்டமடிக்கும். பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டு "கருடா, கருடா" என்பாள். அப்பா அதே நேரம் கோழிக்குஞ்சுகளைக் கூடைக்குள் விரட்டிக்கொண்டிருப்பார்.

மூசாங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் மரநாய் என்பார்களே, அதுதான். அது வருவதற்கு முன்னால் அதன் மணம் வரும். பாண்டான் இலையை வேகவைத்த வாசம். ஒரு ராத்திரி அம்மா பாயில் எழுந்து உட்கார்ந்து, "இந்நேரத்துல யாரு நாசி லெமாக் ஆக்குறது?" என்று கேட்டாள். காலையில் போய்ப் பார்த்தால் ஒரு பறவைகூடக் குறையவில்லை. மூன்று லவ் பேர்ட்ஸ் மட்டும் ஒற்றைக் காலில் நின்றன. இன்னொரு கால் இருக்க வேண்டிய இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது.

அப்போது எங்கள் கூண்டில் இருந்தது கோழிக்கம்பி. ஆறு மூலைக் கண், மெல்லிய கம்பி, கடையில் சுருளாகக் கிடைப்பது. பெயரே கோழிக்கம்பி என்பதால் கோழியைக் காப்பாற்றும் என்று எல்லாரும் நம்புகிறோம். கோழியை ஒரு பக்கமாக நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். ராத்திரியில் தகரத்தில் ஏதாவது தடதடத்தால் பறவைகள் மிரண்டு, கண் தெரியாமல் பறந்து, கடைசியில் கம்பியைப் பற்றிக்கொண்டு தொங்கும். வெளியே நிற்கிற மிருகம் உள்ளே நுழையவே வேண்டாம். நீட்டிக்கொண்டிருக்கிற விரலைப் பல்லால் பிடித்து இழுத்தால் போதும்.

ஒற்றைக்கால் பறவைகளில் இரண்டு பிழைத்தன. ஒன்று ஏழு வருடம் இருந்தது. அதற்கு நான் வைத்த பெயரை இங்கே எழுத மாட்டேன். சிறு வயதுக் குரூரம்.

இதற்கு வழி சொன்னவர் பக்கத்து மலாய்க் கிராமத்துப் பெரியவர், பாக்சிக் என்போம். மெர்போக் வளர்ப்பவர். மெர்போக் நம் மணிப்புறா மாதிரி, ஆனால் அதைவிடச் சின்னது. அதன் குரலுக்குப் போட்டி வைப்பார்கள். நல்ல குரல் உள்ள ஒன்றின் விலைக்கு மோட்டார் சைக்கிள் வாங்கலாம் என்பார்கள். பாக்சிக் காலையில் கூண்டைக் கயிற்றில் கட்டி உயர்ந்த கம்பத்தின் உச்சிக்கு ஏற்றுவார், கொடி ஏற்றுகிற மாதிரி. கம்பத்தின் இடுப்பில் வழவழப்பான தகரம் சுற்றியிருக்கும். தென்னை மரத்தில் எலிக்குச் சுற்றுவோமே, அதே முறை. மகரிப் தொழுகைக்கு முன்னால் கூண்டு இறங்கி, துணி போர்த்தி, வீட்டுக்குள் அவர் கட்டிலுக்கு மேலே தொங்கும். பகலில் வானத்தில், ராத்திரியில் எஜமானோடு. எங்கள் கூண்டைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய வீட்டைத் தூக்கிக் கட்டிலுக்கு மேல் தொங்கவிட முடியாது, அதனால் வீட்டுக்கு இரண்டு சட்டை போடு என்றார்.

இரண்டு சட்டை என்றால் இரட்டை வலை. சட்டத்தின் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, நடுவில் சட்டத்தின் கனம். உள்வலையில் தொங்குகிற காலுக்கு வெளிவலையில் நிற்கிற வாய் எட்டாது. கேட்டால் எளிமை. ஆனால் செலவு இரட்டிப்பு. அப்பா மூன்று தீபாவளிக்குப் புதுச்சட்டை எடுக்கவில்லை. கூண்டுக்குத்தான் எடுத்தார்.

இந்த முறை கோழிக்கம்பி வாங்கவில்லை. நிபோங் தெபால் இரும்புக்கடையில் குறுக்கும் நெடுக்குமாகப் பற்றவைத்த சதுரக்கண் வலை கிடைத்தது. அரை அங்குலக் கண். அதற்குமேல் போகக் கூடாது என்பதை நாங்கள் அடிபட்டுக் கற்றோம். ஒரு அங்குலத்தில் எலி வரும், அரை அங்குலத்தில் வளர்ந்த எலி வராது. சுண்டெலி அதிலும் நுழையும். அதைத் தடுக்க நினைத்தால் கால் அங்குலக் கண்தான் வேண்டும். வலை புதிதாக வந்த வாரத்தில் இரண்டு பறவைகள் சிறகு விரித்தபடி கீழே கிடந்து செத்தன. எதுவும் நுழையவில்லை, காயமும் இல்லை. புது வலையின் துத்தநாகப் பூச்சைக் கொத்தித் தின்றிருந்தன. புது வலையை வினிகர் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நாலு மழையில் நனையவிட்டுப் பிறகுதான் அடிக்க வேண்டும் என்று கடைக்காரர் அதற்கப்புறம் சொன்னார். காவலுக்கு வைத்ததே கொன்றது என்று பாட்டி பல நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

*

எங்கள் வீட்டுச் சண்டை முழுக்கக் காகத்தால் வந்தது.

அம்மா அமாவாசை தவறாமல் காகத்துக்குச் சோறு வைப்பாள். அமாவாசை என்ன, வெள்ளிக்கிழமை, பண்டிகை, யாராவது கனவில் வந்த மறுநாள், எல்லாம்தான். வாழையிலைத் துண்டில் சோறும் பருப்பும் வைத்துக் கா கா என்று கூப்பிட்டுவிட்டு, ஒன்று வந்து கொத்தின பிறகுதான் எங்களுக்கு இலை போடுவாள். வருகிற காகம் சோற்றைத் தின்றுவிட்டு நேரே பறந்து கூண்டின் மேல் உட்காரும். சும்மா உட்காராது. வலையைத் தட்டும், குதிக்கும், பறவைகளை மிரட்டும். கோழிக்கம்பிக் காலத்தில், மிரண்டு ஓரத்துக்கு வந்த பிப்பிட்டின் தலையை அலகால் பிடித்து இழுத்துவிடும். அந்த வழியாக முழுப் பறவை வராது. தலை வரும்.

"நீ கூப்பிட்டுச் சோறு போடுற. அது சாப்பிட்டுட்டு நேரா எங்கிட்ட வந்து கறி கேக்குது" என்பார் அப்பா.

"வர்றது ஒங்கப்பாரு. பாத்துப் பேசுங்க."

"எங்கப்பாரு சைவம்டி."

செத்த காகம் ஒன்றைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் மற்றது கிட்ட வராது என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அதை அம்மாவிடம் யார் சொல்வது? அப்பா ஒரு பழைய குடையின் கறுப்புத் துணியைக் காகம் மாதிரி வெட்டி, உள்ளே சருகைத் திணித்துத் தொங்கவிட்டார். முதல் நாள் நாற்பது ஐம்பது காகம் கூடி ஒப்பாரி வைத்தன. மூன்றாம் நாள் ஒன்று அதன் மேலேயே உட்கார்ந்து எச்சமிட்டது. கடைசியில் கூண்டுக்கு மேல் ஓரடி உயரத்தில் தூண்டில் நரம்பை ஒரு சாண் இடைவெளியில் வரிசையாக இழுத்துக் கட்டினோம். கண்ணுக்குத் தெரியாத நூல் சிறகில் படுவது காகத்துக்குப் பிடிக்காது. அது வேலை செய்தது.

வெகு நாள் கழித்துத்தான் அந்தக் காகத்தின் ஊர் எது என்று படித்தேன். கழுத்து சாம்பலாக இருக்கிற நம் வீட்டுக் காகம் இந்த நாட்டுப் பறவையே இல்லை. 1890களில் கிள்ளான் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் கம்பளிப்புழு பெருகியபோது, அதைத் தின்ன இலங்கையிலிருந்து பிடித்து வந்து விட்டார்கள். தோட்டத்து வேலைக்காகக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தது. காப்பி அழிந்து ரப்பர் வந்தது. காகம் திரும்பிப் போகவில்லை. இப்போது நகராண்மைக் கழகங்கள் ஆள் வைத்துச் சுடுகின்றன. அம்மாவுக்கு இதைச் சொன்னேன். "அதான் கூப்பிட்டா வருது, நம்ம பாஷை தெரியுது" என்றாள்.

*

எலிதான் உண்மையான எதிரி. பாம்பும் மூசாங்கும் வருடத்துக்கு ஒருமுறை வரும் விருந்தாளி. எலி குடித்தனக்காரன். தீனியைத் தின்னும், தின்னாததில் மூத்திரம் பெய்யும், முட்டையை உருட்டிக்கொண்டு போகும், இறகு முளைக்காத குஞ்சைக் கூட்டுப் பெட்டியிலேயே தின்னும். பாம்பு வருவதும் பாதி எலியின் வாடை பிடித்துத்தான். அதனால் கூண்டைச் சுற்றி ஓரடி ஆழம் தோண்டி வலையை மண்ணுக்குள் இறக்கினோம். இறக்கிய வலையை அடியில் வெளிப்பக்கமாக மடக்கி, பாவாடை விரித்த மாதிரி மண்ணுக்குள் படுக்கவைத்தோம். தோண்டுகிற எதுவும் சுவரை ஒட்டித்தான் தோண்டும். இரண்டு அடி தள்ளித் தோண்டுகிற புத்தி அதற்குக் கிடையாது. ராத்திரியில் தீனித் தட்டை வெளியே எடுத்துத் தகர டின்னில் போட்டு மூடுவது என் வேலையானது. சொல்லப்போனால் எந்த வலையையும்விட இந்த ஒன்று அதிகம் காப்பாற்றியது.

அந்த நாளில்தான் தோட்டத்தில் கூகைக்குப் பெட்டி வைத்தார்கள். கம்பம் நட்டு, மேலே ஒரு மரப்பெட்டி, ஒரு பக்கம் வாசல். பத்து ஹெக்டருக்கு ஒன்று என்பது கணக்கு. லயத்தில் ஒரே பேச்சு. சாக்குருவிக்குப் போய் வீடு கட்டித் தருகிறார்களே, தோட்டம் உருப்படுமா என்று பெண்கள் கேட்டார்கள். வெள்ளை முகத்தோடு ராத்திரியில் கிரீச்சிட்டுப் பறக்கிற அதைப் பார்த்தாலே யார் வீட்டிலோ சாவு என்று அர்த்தம். தோட்டத்துக் குமாஸ்தா, கிராணி என்போம், விளக்கம் சொல்லிப் பார்த்தார்: குஞ்சு வைத்திருக்கிற ஒரு ஜோடி வருடத்துக்கு ஆயிரம் எலிக்கு மேல் பிடிக்கும், விஷம் வைக்கிற செலவு மிச்சம். முன்னே இந்த நாட்டில் அரிதாக இருந்த பறவை அது. செம்பனை பரவப் பரவ எலி பெருகி, எலியைத் தொடர்ந்து இதுவும் பரவியது.

எனக்கும் பயம்தான். வேட்டையாடுகிற பறவை, கொக்கி மூக்கு, எங்கள் கூண்டை விட்டுவைக்குமா? ஒரு நாள் அப்பா என்னைப் பெட்டிக்குக் கீழே கூட்டிப்போய், அது கக்கிப் போட்ட உருண்டைகளைப் பிரித்துக் காட்டினார். கறுப்பு ரோமமும் குட்டி எலும்பும். ஒவ்வொன்றிலும் எலி மண்டை. ஒரு இறகுகூட இல்லை. "பாத்துக்க. இவன் நம்மாளு" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கூகை கத்தினால் யாரும் சாவுக்குப் பயப்படவில்லை. பாட்டி மட்டும் முணுமுணுப்பாள்.

எங்கள் பக்கத்துப் பெட்டியின் ஜோடியில் ஒன்று இரண்டு வருடம் கழித்து மரத்தடியில் செத்துக் கிடந்தது. உடம்பில் காயம் இல்லை. நஞ்சு தின்ற எலி உடனே சாகாது; நாலைந்து நாள் தள்ளாடிக்கொண்டு திரியும். பிடிக்க எளிது. அதைப் பிடிக்கிற கூகைக்கும் நஞ்சு போகும். அந்த மாதம் லயத்தில் நாலைந்து வீட்டில் எலி மருந்து வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டிலும்தான். கோழிக்கூட்டுக்கு அடியில், அப்பாவே வைத்தது. யார் வீட்டு எலியைத் தின்றது என்று எப்படித் தெரியும்? அப்பா அதற்குப் பிறகு பொறிதான் வைத்தார். நஞ்சு வாங்கவில்லை.

*

1988இல் செபராங் ஜெயாவில் பினாங்கு பறவைப் பூங்காவைத் திறந்தார்கள். இந்த நாட்டில் அப்படி ஒன்று அதுதான் முதல், ஐந்து ஏக்கர். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பஸ் ஏறிப் போனோம். இருவாட்சி, செந்நாரை, கையில் வந்து உட்காரும் வண்ணக்கிளிகள். எங்களுக்குக் கண் கொள்ளவில்லை. அப்பா ஒரு பறவையையும் பார்த்த மாதிரி எனக்கு ஞாபகம் இல்லை. குனிந்து வலை எங்கே சிமெண்டில் புதைகிறது என்று பார்த்தார். கண்ணின் அளவை விரல் நகத்தால் அளந்தார். ஆட்கள் உள்ளே நடந்து போகிற பெரிய கூண்டின் வாசலில் நின்று, நாலு முறை உள்ளே போய் வெளியே வந்தார். காவல்காரர் சந்தேகப்பட்டுப் பின்னாலேயே வந்துவிட்டார்.

அவர் பார்த்தது இரட்டைக் கதவு. முதல் கதவைத் திறந்து ஒரு சின்ன அறைக்குள் வந்து, அதைச் சாத்திய பிறகுதான் இரண்டாம் கதவைத் திறக்கலாம். நான் தீனி வைக்கும்போது தோளுக்கு மேலே பறந்து ஓடிப்போன லவ் பேர்ட்ஸ் எத்தனை என்று கணக்கு வைத்திருந்தவர் அவர். ஓடிப்போனது சாயங்காலத்துக்குள் காகத்துக்கு. பச்சையும் மஞ்சளுமாக இருக்கிற ஒன்றுக்கு வெளியில் ஒளிய இடமே கிடையாது. மறு ஞாயிறே எங்கள் கூண்டுக்கும் அப்படி ஒரு முன்னறை வந்தது. நான் ஒருவன்தான் அதற்குள் நிற்க முடியும். அம்மா முயற்சி செய்து திட்டிக்கொண்டே வெளியே வந்தாள்.

பூட்டு வந்த கதை குரங்கால். சதுப்புக் காட்டிலிருந்து வருகிற நீண்ட வால் குரங்கு, தாழ்ப்பாளை நான் திறப்பதை மரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் அதுவே திறந்தது. அதுவும் இரண்டு தாழ்ப்பாளையும், வரிசையாக. தினையை அள்ளிக்கொண்டு போனது. பறவைகளைத் தொடவில்லை, ஆனால் கதவைச் சாத்திவிட்டுப் போகிற நாகரிகம் அதற்கு இல்லை. பதினோரு பறவை போயின. அப்பா பித்தளைப் பூட்டு ஒன்று வாங்கி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார்.

எறும்பைச் சொல்லாமல் விட்டால் பறவை வளர்த்தவர்கள் சிரிப்பார்கள். சிவப்பு முசுறு, கெரெங்கா. ஒரே ராத்திரியில் ஒரு பெட்டிக் குஞ்சுகள் முழுவதையும் தின்றுவிடும். பெட்டி வைத்த மேசையின் நாலு காலையும் கறுப்பு எண்ணெய் ஊற்றிய டின்னில் நிறுத்த வேண்டும். மேசை சுவரையோ இலையையோ தொடக் கூடாது. அவ்வளவுதான்.

*

பிறகு செம்பனையை வெட்டத் தொடங்கினார்கள். பத்து காவானில் புதிய நகரம், தொழிற்பேட்டை. 2000ஆம் ஆண்டு சுக்மா என்கிற மலேசிய விளையாட்டுப் போட்டிக்காக நாற்பதாயிரம் பேர் உட்காரும் விளையாட்டு அரங்கம் செம்பனைக்கு நடுவில் எழுந்தது. எங்கள் லயமும் போனது. நாங்கள் பக்கத்துத் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், ஒரு வரிசை வீட்டுக்கு மாறினோம். அப்பா கூண்டைப் பலகை பலகையாகக் கழற்றி, எண் போட்டு, லோரியில் ஏற்றிவந்து, பின்கட்டில் பாதி அளவில் மறுபடியும் பூட்டினார். சிமெண்டுத் தரை, பக்கத்தில் சுவர், ஊர் நடுவில் வீடு. இனி என்ன வரப்போகிறது என்று நினைத்தேன்.

எல்லாம் வந்தன. லயத்தில் இருபது வருடத்தில் வந்ததைவிடத் தாமானில் மூன்று வருடத்தில் அதிகம். ஒரு பிளாக் செம்பனை சாய்ந்தால் முதலில் எலி ஊருக்குள் வரும். அதற்குப் பின்னால் ஒரு மாதத்தில் பாம்பு. மூசாங் சீலிங்குக்கு மேலே குட்டி போட்டது. அல்லூரில் உடும்பு நடந்தது, ஆள் நீளம். பக்கத்து வீட்டார் பயந்து பொதுத் தற்காப்புப் படையைக் கூப்பிடுவார்கள்; அவர்கள் கோலோடும் சாக்கோடும் வந்து மலைப்பாம்பைப் பிடித்துப் போவார்கள், பிள்ளைகள் கைத்தொலைபேசியில் படம் எடுப்பார்கள். அப்பா மட்டும் சாக்குக்குள் போகிற பாம்பைப் பார்த்து, "கடைசி பிளாக் இப்ப எங்க இருக்கு, எங்க கொண்டுபோய் விடுவானுங்க?" என்று கேட்பார். கடைசி பிளாக்கில் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பாதி அளவுக் கூண்டில் ஒரு பறவையைக்கூட நாங்கள் வேட்டைக்கு இழக்கவில்லை. பதினேழு கரிக்கோட்டிலிருந்து தொடங்கிய படிப்பு அது. செத்ததெல்லாம் வயதாகியும், இரண்டு மூன்று இடி மிரட்சியிலும்தான். இடி இடிக்கிற ராத்திரியில் அப்பா எழுந்துபோய்ச் சின்ன விளக்கைப் போட்டுவிட்டு வருவார். இருட்டில் மிரண்டால் கம்பியில் மோதிச் சாகும். வெளிச்சம் இருந்தால் உட்கார்ந்த கிளைக்குத் திரும்பிவிடும். சில சமயம் அங்கேயே நாற்காலியில் தூங்கிவிடுவார்.

2014 மார்ச் 1ஆம் தேதி, பத்து காவானிலிருந்து பினாங்குத் தீவுக்குப் போகும் இரண்டாவது பாலம் திறந்த அன்று, அவரை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துப் பாலம் தொடங்குகிற இடம்வரை போய்வந்தேன். 24 கிலோமீட்டர் நீளம் என்றேன். "கைப்பிடிக் கம்பிக்கு நடுவுல எவ்வளவு இடைவெளி விட்டுருக்கான் பாரு, ஒரு யானை போலாம்" என்றார்.

இரண்டு வருடம் கழித்து அவர் போனார். உடம்பைக் குளிப்பாட்டும்போது அரைஞாண் கயிற்றில் பித்தளைச் சாவி இருந்தது. சடங்கு செய்தவர் கயிற்றை அறுத்துச் சாவியை என்னிடம் கொடுத்தார். மிச்சமிருந்த ஆறு பறவைகளையும் பட்டர்வொர்த்தில் ஒரு நண்பருக்குக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போய், அவருடைய கூண்டுக்குள் நின்று, கதவைச் சாத்தச் சொல்லி, எங்கெங்கே வெளிச்சம் தெரிகிறது என்று பார்த்தேன். நாலு இடம் இருந்தது. அடைத்த பிறகுதான் பறவையைக் கொண்டுபோனேன்.

இப்போது கூண்டுக்குள் அம்மா கறிவேப்பிலையும் மிளகாயும் வைத்திருக்கிறாள், குரங்குக்குப் பயந்து. பூட்டு போடுவதில்லை. தூண்டில் நரம்பை மட்டும் ஒரு பக்கம் அறுத்துவிட்டாள். அமாவாசை அன்றைக்குச் சோற்று இலையை அந்தப் பக்கத்துத் தகரத்தின் மேல்தான் வைக்கிறாள்.

காகம் வருகிறது.